பொய்க்காலும் புதுமுறை அளவும்

ஒருவர் பாதரட்சை மற்றொருவர்க்குப் பொருந்துதல் அரிது. ஒருவர்க்கென அமைந்த பொய்க்காலோ பிறர்க்கு ஒருபோதும் பொருந்தாது. போரும் மிதிவெடியும் பலருடைய கால்களைக் கவர்ந்த இக்குடாநாட்டில் இஃது அநுபவத்தால் அறியப்பட்ட உண்மை. 1987ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பெற்ற ஜெய்ப்பூர் நிலையம் அன்னோர்க்குக் கால் வழங்கிய பணியை நம்மவர் நன்கறிவர்.

அந்நிலையத்திற்குப் பெயர்தந்த பாதம் 1968ஆம் ஆண்டளவில் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் உருவாயிற்று. என்பு வைத்திய நிபுணர் பிரமோத் கரண் சேத்தியும் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் அதனை ஆக்கினர். மேனாட்டுப் பொய்க்கால் சப்பாத்தினுள் இருப்பதற்கென அமைந்தது. நம்மவரோ வெறுங்காலுடன் கோயில் வீதியை வலம்வருவர், நிலத்திற் சப்பணமிட்டு உண்பர், வயற்சேற்றில் இறங்குவர். இத்தகைய வாழ்க்கைக்கு இசையுமாறு இறப்பரால் ஆகிய பாதம் அது.

எனினும் பாதம் பொய்க்காலின் ஓர் உறுப்பே. எஞ்சிய காலைத் தன்னுள் ஏற்கும் உறையே அதன் உயிர்நிலை. முழங்காலின் கீழ்க் காலிழந்தவர்க்கு, முழங்காற்சில்லின் கீழுள்ள நாண் பாரத்தைப் பொறுக்கும். என்பின் வெட்டுமுனையும் புறத்தேயுள்ள சிற்றென்பின் தலையும் பொறா. ஆதலின் ஓரிடம் இறுக்கியும் ஓரிடம் இளக்கியும் உறையை அமைத்தல் வேண்டும். பிழைப்பின் தோல் புண்படும். பொய்க்கால் சுவரிற் சார்த்தப்படும். அவர்தம் தொழிலும் அதனோடு நின்றுவிடும்.

இதன்பொருட்டு, எஞ்சிய காலிற் பரிஸ் சாந்து தோய்ந்த துணியைச் சுற்றி அச்செடுப்பர். அதனுட் சாந்து வார்த்து, வார்ப்பைச் செதுக்கித் திருத்துவர். அதன்மேற் சூடாக்கிய பிளாஸ்ரிக்கைப் படியவைப்பர். இது பழைய முறை.

புதிய முறையில் ஒளிக்கருவி காலின் வடிவத்தை அளந்து எண்களாக்கிக் கணினிக்குக் கொடுக்கும். திருத்தமெல்லாம் திரையிலேயே நிகழும். இவ்வழி 1980களில் கனடாவிலும் இலண்டனிலும் ஆராயப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்கரான சக் ஹல், திரவப் பிசினை ஒளியாற் படைபடையாக இறுகச்செய்து பொருள்களை ஆக்கும் முறைக்கு 1984இல் காப்புரிமை கோரி, 1986இல் அதனைப் பெற்றார். முப்பரிமாண அச்சு இவ்வாறு தொடங்கிற்று. இன்று செவியினுட் பொருந்தும் கேட்டற் கருவிகளின் கூடுகள் பெரும்பாலும் இவ்வச்சினாலேயே ஆகின்றன.

பொய்க்காலுக்கு இதனால் விளையும் நன்மை யாது? குழந்தையின் கால் வளரும். வெட்டுண்ட கால் முதன்மாதங்களிற் சுருங்கும். ஆகவே உறையைப் பலமுறை மாற்றுதல் வேண்டும். முன்னைய வடிவும் திருத்தங்களும் எண்களாய்க் கைவசமிருப்பின், புதிய அளவோடு அவற்றை ஒப்புநோக்கி அடுத்த உறையை விரைவில் ஆக்கலாம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. செவிக்கூடு பாரம் சுமப்பதில்லை. கால் முழுவுடலையும் சுமக்கும். படைபடையாக ஆகிய பொருள் படைகளுக்கிடையே பிளத்தல் கூடும். பொய்க்கால்களுக்குரிய 10328ஆம் இலக்கச் சர்வதேச நியமம், 30 இலட்சம் முறை பாரமேற்றிச் சோதிக்குமாறு விதிப்பது இதுபோன்ற முறிவைத் தடுத்தற்கே. அழகாய் அச்சான உறையெல்லாம் நடத்தற்கு உரியதென எண்ணலாகாது.

கணிதமும் பௌதிகமும் கற்கும் மாணவர்காள்! இத்துறை உங்களுக்கு இடமளிக்கும். ஆனால் கணினியின்முன் அமருமுன், உறை செதுக்கும் கைவினைஞர் அருகே சிலநாள் அமருங்கள். முதலடி வைத்தவர் "இவ்விடம் நோகின்றது" என்று கூற, அவர் அவ்விடத்தை விரலாற் தொட்டறிந்து திருத்துதலைக் காண்பீர்கள். எக்கருவி கொண்டு அளந்தாலும், அணிபவர் கூறும் அச்சொல்லே முடிந்த அளவாகும்.