பையைச் சோதிக்கும் முன் பத்து நிமிடம்

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் புத்தகப் பையில் புகையிலைப் பொட்டலம் ஒன்றைக் கண்டேன். உடனே தலைமை ஆசிரியர் அறைக்கு அழைத்துச் சென்றேன். மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் அவன் தனியாக நிறுத்தப்பட்டான். வரவழைக்கப்பட்ட தந்தை எல்லோர் முன்னிலையிலும் அவனை அடித்தார். அடுத்த திங்கள்கிழமை முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. இரண்டு முறை வீட்டுக்குப் போனேன். ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் பொட்டலத்தைப் பிடித்தேன்; மாணவனை விட்டுவிட்டேன்.

சிம்மக்கல் பகுதியில் பணியாற்றும் நமக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. நம் மாணவர்கள் பலர் காலையிலும் விடுமுறை நாள்களிலும் கடைகளிலும் சுமைப் பணியிலும் பெரியவர்களோடு உழைப்பவர்கள். பழக்கம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொற்றுகிறது. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்ளும் சிறு புகையிலைப் பைகளில் புகை இல்லை, நெடியும் குறைவு. வகுப்பில் அமர்ந்தபடியே பயன்படுத்தலாம். 2024 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, புகையிலைப் பொருள் விற்பனை வழக்குகளின் ஜாமீன் மனுக்களை விசாரித்தபோது, பள்ளி மாணவர்கள் ‘கூல் லிப்’ பழக்கத்துக்கு ஆளாவது குறித்துக் கவலை தெரிவித்தது. நாடு முழுவதும் அதை ஏன் தடை செய்யக் கூடாது என்றும் கேட்டது. விற்பவரைத் தடுப்பது சட்டத்தின் வேலை. ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளையிடம் முதலில் பேசும் வேலை நமக்கு வருகிறது.

கேட்கும் முறை

1983இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர், மதுப் பழக்கம் உடையவர்களிடம் பேசுவதற்கு ஒரு முறையை விளக்கினார். பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து 1991இல் அதை நூலாக்கினார். அதன் சாரம் எளிது: நாம் வாதாடினால் எதிரில் இருப்பவர் தம் பழக்கத்துக்கு ஆதரவாக வாதாடுவார். விடவேண்டிய காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அடிக்கடி வெளியே சென்று துப்பிவிட்டு வருவதைக் கவனித்தேன். பையைத் தொடவில்லை. மதிய உணவுக்குப் பிறகு, மற்றவர்கள் பார்வையில் படும், ஆனால் பேச்சு காதில் விழாத மரத்தடியில் அவனோடு உட்கார்ந்தேன். சாப்பிட்டானா, காலையில் எத்தனை மணிக்கு எழுந்தான் என்று தொடங்கினேன். அவனே விஷயத்துக்கு வந்த பிறகு கேட்டேன்.

“இத விடணும்னு உனக்கு எவ்வளவு தோணுது தம்பி? பத்துக்கு எத்தனை போடுவ?”

“மூணு, டீச்சர்.”

“மூணாவது இருக்கே! ஏன் ஒண்ணுன்னு சொல்லல?”

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். “உதட்டுக்குள்ள புண்ணா இருக்கு டீச்சர். அம்மா குழம்பு ஊத்துனா எரியுது. ரெண்டு நாளா பாதிச் சோத்துல எந்திரிச்சிட்டேன்.”

‘ஏன் பத்து இல்லை?’ என்று கேட்டிருந்தால் விட முடியாததற்கான காரணங்களை அடுக்கியிருப்பான். ‘ஏன் ஒன்று இல்லை?’ என்றதால் விடுவதற்கான காரணத்தை அவனே சொன்னான். புற்றுநோய்ப் படம் காட்டி நான் சொல்லியிருந்தாலும் அந்தக் குழம்பின் எரிச்சலுக்கு ஈடாகியிருக்காது.

வாக்குறுதியும் வீடும்

“யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் நாம் வாக்களிக்கக் கூடாது. “உன் அம்மாவிடம் பேச வேண்டியிருக்கும், என்ன பேசுவது என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம்” என்றேன். அம்மா வந்ததும், “அடிச்சாவது திருத்துங்க டீச்சர்” என்று அழுதார். அவரையும் உட்கார வைத்துப் பேச வேண்டியிருந்தது. 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், மதுப் பழக்கத்தால் கணவரை இழந்தவர். அங்கே குடும்பத்தினருக்கும் ஆலோசனை வழங்குவது சிகிச்சையின் பகுதியாக இருந்து வருகிறது. வீடு தயாராகாமல் பிள்ளை மட்டும் மாறுவது கடினம்.

அம்மா அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். புகையிலையை நிறுத்திய முதல் வாரத்தில் எரிச்சல், பதற்றம், கவனச் சிதறல் அதிகம் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் படிப்படியாகக் குறையும். இதை வகுப்பாசிரியர்களிடம், “உடல்நிலை காரணமாகச் சில நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்ற அளவில் மட்டும் சொன்னேன். ஏக்கம் வரும்போது சில நிமிடம் தள்ளிப்போடு, மூச்சை ஆழமாக இழுத்து விடு, தண்ணீர் குடி, வேறு வேலை செய் என்ற நான்கையும் அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டான்.

காலாண்டு விடுமுறையில் கடை வேலைக்குப் போனவன் மறுபடி போட்டுவிட்டான். பள்ளி திறந்த அன்று, “டீச்சர், தப்பு பண்ணிட்டேன்” என்று அவனே வந்து நின்றான். மீண்டும் வழுக்குவது இந்தப் பாதையில் இயல்பு. அவன் ஒளியாமல் வந்ததையே நான் முன்னேற்றமாக எடுத்துக்கொண்டேன். எங்கே, யார் கொடுத்தார்கள், அந்த நேரம் மனம் எப்படி இருந்தது என்று பேசி மறுபடி தொடங்கினோம். இப்போது ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். முழுதாக விட்டுவிட்டான் என்று என்னால் உறுதி கூற முடியாது. தினமும் பள்ளிக்கு வருகிறான்.

நாம் நினைவில் கொள்ள வேண்டியவை

• பஞ்சர் ஒட்டும் பசை, தின்னர் போன்றவற்றை முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையை அதட்டவோ துரத்தவோ கூடாது. திடீர் அதிர்ச்சியில் இதயத் துடிப்பு தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். அமைதியாக அருகில் சென்று, பொருளை அகற்றி, காற்றோட்டமான இடத்தில் அமர்த்துங்கள். மயங்கினாலோ மூச்சுத் திணறினாலோ 108ஐ அழையுங்கள்.

• மது, கஞ்சா, மாத்திரைப் பழக்கம் என்றால் மருத்துவரிடம் அனுப்புவதே முறை. நாம் மருத்துவர் அல்லர். நாள்தோறும் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

• கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. குழந்தைக்கு மது, போதைப்பொருள், புகையிலை கொடுப்பவருக்கு, இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 77ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தண்டனை கொடுத்தவருக்கே, குழந்தை இங்கே பாதிக்கப்பட்டவர்.

• உதவி எண்கள்: போதை மீட்பு 14446, புகையிலையை விட 1800-11-2356, மனநல ஆலோசனை 14416, குழந்தைகள் உதவி 1098, பள்ளிக் கல்வித் துறை வழிகாட்டல் 14417.

• மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவது தீர்வாகாது. பள்ளியை விட்டால், பழக்கம் தொற்றிய அதே இடத்துக்குத்தான் அவன் முழு நேரமும் போவான்.

அடுத்த முறை ஒரு மாணவன் மீது சந்தேகம் எழுந்தால், பையைத் திறக்கும் முன் பத்து நிமிடம் அவனோடு உட்காருங்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் நான் கொடுக்காத பத்து நிமிடம் அது.