ஏரித் தண்ணீரை ஊரார் கூடித் திட்டமிடுதல்

தமிழ்நாட்டில் சற்றேறக்குறைய 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. காஞ்சிபுரம், புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழையை நிறுத்தி வைத்துக் கொள்வதற்கு இவற்றைத் தவிர வேறு சாதனம் பெரும்பாலான கிராமங்களுக்கு இல்லை. 1960 ஆம் ஆண்டை ஒட்டி 9 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் ஏரிப் பாசனத்தில் இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பழியை மழையின்மீது போடுவது எளிது. ஆனால் வரத்துக்காலில் முள்ளும் மண்ணும் அடைத்துக் கிடப்பதும், நீர்பிடிப்பிலே பட்டா இல்லாத சாகுபடி ஏறுவதும், மதகின் அடைப்புப் பலகை இற்றுப் போவதும் மழையின் குற்றமல்ல. இவற்றைத் தொலைவிலுள்ள ஒரு காரியாலயம் காண இயலாது. தினந்தோறும் அவ்வழியே மாடு ஓட்டிச் செல்பவனுக்கு இவையெல்லாம் தெரியும்.

ஏரியைப் பற்றிய முடிவுகளை ஊரார் செய்து கொள்வது இந்நாட்டுக்குப் புதிதன்று. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுக்கள், ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை மூலம் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. அவற்றுள் ஏரி வாரியத்திற்கு 6 பேர். அவர்களுடைய காலம் 360 நாட்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வரக்கூடாது என்ற விதி கவனிக்கத் தக்கது. ஆனால் இம்முறையை இன்றுள்ளவாறு எல்லோருடைய ஆட்சி என்று எண்ணி மகிழ்தல் பொருந்தாது. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேத சாஸ்திரப் பயிற்சியும் உடைய, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆடவருக்கே அங்கு இடமிருந்தது. ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்கள் குடத்தில் ஓலை இடப்பெறவில்லை.

பிற்காலத்தில் கரைக்கு மண் போடுதலும் வாய்க்கால் வெட்டுதலும் குடிமராமத்து என்னும் வழக்கமாக நிலவின. வழக்கம் தளரவே, அன்றைய சென்னை சர்க்கார் 1858 ஆம் ஆண்டின் 1 ஆவது சட்டத்தினால் அதைக் கட்டாயமாக்க முயன்றது. சட்டம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஏரியின் மீன், மரம், புல் ஆகியவற்றின் வருமானம் ஊரின் கையை விட்டுப் போன பிறகு, உழைப்பு மட்டும் ஊரினுடையது என்றால் யார் மண்வெட்டி எடுப்பார்கள்? இக்கேள்வி இன்றும் தீரவில்லை. 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள ஏரிகள் பொதுப்பணித்துறையிடமும் அதன் வழிவந்த நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்து வருகின்றன. 2017 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரையே கொண்டு, செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தரவேண்டுமென்ற ஏற்பாட்டுடன் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அப்பங்கை யாரேனும் ஒருவர் தம் கையிலிருந்து கட்டிவிட்டு வேலையைத் தாமே எடுத்துக் கொள்வாராயின், அது காகிதத்தில் குடிமராமத்து, உண்மையில் குத்தகையே ஆகும். ஆகையால் பங்கைத் தலைக்கட்டுவாரியாக, சிறு தொகையாயினும், வசூலித்தல் வேண்டும். ஒரு நாள் கூலியைக் கொடுத்தவனே வேலை எப்படி நடக்கிறதென்று பார்க்க வருவான்.

எந்த வேலை முதலில் என்பதைக் கூட்டத்தில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. ஆடி மாதத்தில் ஆயக்கட்டுதாரர்களும் கிராம நிர்வாக அலுவலரும் கிராமப் படத்தையும் அ-பதிவேட்டையும் கையில் வைத்துக் கொண்டு, வரத்துக்காலின் தலைப்பிலிருந்து கடைமடை வரை ஒரே நாளில் நடந்து பார்த்தல் நலம். கடைமடைக்காரர் இருவராவது உடன் இருக்க வேண்டும். இல்லையேல் நடை கரையோடு நின்று விடும். பல ஊர்களில் ஏரியைத் தூர் எடுக்க வேண்டுமென்பதே முதற் கோரிக்கையாக எழுகிறது. வரத்துக்கால் அடைபட்ட ஏரியை எத்தனை ஆழம் தோண்டினாலும் நீர் வந்து சேராது. மதகின் அடிமட்டத்திற்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் வயலுக்குப் பாயவும் பாயாது. மாடு குடிக்கவும் கிணறுகளுக்கு ஊறவுமே உதவும். கரையின் அடிவாரத்தை ஒட்டி மண் எடுப்பதோ கரைக்கே கேடு. வயலுக்கு வண்டல் வேண்டுவோர் தாசில்தாரின் அனுமதி பெற்று, ஊர்க்கூட்டம் குறித்த இடத்திலிருந்தே எடுத்தல் வேண்டும்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. மழை நன்றாகப் பெய்து ஏரி கலிங்கு வழிந்த வருஷத்தில் கூட்டமே வேண்டியதில்லை. அரைப்பங்கு நிரம்பிய வருஷத்தில்தான் ஊரின் ஒற்றுமை சோதிக்கப்படுகிறது. உதாரணமாக, 100 ஏக்கர் ஆயக்கட்டுள்ள ஓர் ஏரியில் கார்த்திகையில் 30 லட்சம் கன அடி நீர் நிற்பதாகக் கொள்வோம். ஒரு ஏக்கரில் ஓரடி உயரம் நீர் நிறுத்த 43,560 கன அடி வேண்டும். அப்படியானால் ஏரியில் இருப்பது சுமார் 69 ஏக்கர்-அடி. ஆவியாகியும் கசிந்தும் வாய்க்காலில் உறிஞ்சப்பட்டும் மூன்றில் ஒரு பங்கு போகுமானால் மிச்சம் சுமார் 46. நெல்லுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய நான்கடி நீர் தேவை. அதில் ஓரடி மழையே தந்துவிடுமென்று நம்பினாலும், ஏரி நீரைக் கொண்டு 15 ஏக்கர் நெல்தான் கரையேறும். நிலக்கடலையானால், 500 முதல் 550 மில்லிமீட்டர் போதுமாகையால், மழையை நம்பாமலே 26 ஏக்கர். உளுந்தானால் 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. 50 ஏக்கருக்குச் சிறிது குறையாகச் செய்யலாம். இவ்வெண்கள் மண்ணுக்கு மண் மாறும். ஆயினும் இக்கணக்கைச் சாவடியில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்தால், 100 ஏக்கரிலும் நாற்று விடுவது என்னும் வீண் ஆசை பலருக்கு அங்கேயே நின்று போகும்.

ஆனால் அந்த 15 ஏக்கர் யாருடையது? தானாக விட்டால் தலைமடைக்காரருடையதே. இலங்கையின் குளத்துப் பாசனக் கிராமங்களில் பெத்ம என்று ஒரு வழக்கம் உண்டு. நீர் குறைந்த போகத்தில் குளத்தை அடுத்த ஒரு பகுதியை மட்டும் பயிரிடுவதென்று போகக் கூட்டத்தில் தீர்மானித்து, அப்பகுதியை அந்தப் போகத்துக்கு மட்டும் எல்லாப் பங்காளிகளுக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். கடைமடையில் நிலமுள்ளவனுக்கும் தலைமடையில் ஒரு துண்டு கிடைக்கும். அறுவடைக்குப் பின் நிலம் உடையவனிடம் திரும்பும். உரமிட்டுப் பண்படுத்திய வயலைப் பிறர் கையில் கொடுப்பது யாருக்கும் கசப்பானதுதான். எனினும் வாய்க்காலில் நீர் செல்லும் தூரம் குறைவதால் வீணாகும் நீரும் குறைகிறது. இரவில் மடை உடைக்கும் வழக்கிற்கும் இடமில்லாமற் போகிறது. நிலத்தைப் பிரிக்க மனமில்லாத ஊர், நெல்லை விட்டு உளுந்து போட்டு முறைப்பாசனம் வைத்துக் கொள்ளலாம். இரண்டில் எதுவாயினும் நாற்றங்கால் விடுமுன் முடிவாக வேண்டும்.

கிணறு உள்ளவர்களின் பேச்சு வேறாக இருக்கும். மதகைத் திறக்காமல் வைத்திருந்தால் கிணறு ஊறும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் கிணறில்லாத சிறு குடியானவனின் நீரை அது மண்ணுக்கடியில் மற்றவனுக்கு மாற்றி விடுகிறது. மகாராஷ்டிரத்தில், 1989 ஆம் ஆண்டில் பொபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரான ஹிவரே பஜார் என்னும் ஊர் இதில் துணிந்து ஒரு முடிவு செய்தது. அங்கு மழை வருஷத்திற்குச் சுமார் 400 மில்லிமீட்டர்தான். பாசனத்திற்கு ஆழ்குழாய்க் கிணறு கூடாதென்று கிராம சபை தடுத்தது. ஆண்டுதோறும் மழையை அளந்து, குடிநீரை முதலில் ஒதுக்கி, மிச்சத்துக்கேற்ற பயிரை அச்சபையே சொல்கிறது.

நிலமில்லாதவருக்கு ஆயக்கட்டுதாரர் சங்கத்தில் இடமில்லை. 2000 ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் நிலத்தை ஒட்டியவையே. ஆடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், குயவர், துணி துவைக்க வரும் பெண்கள் ஆகியோருக்கும் ஏரியில் பிழைப்புண்டு. வாக்காளர் அனைவரும் உறுப்பினராயுள்ள கிராம சபையிலேதான் அவர்கள் பேச முடியும். ஆகவே மீன் குத்தகை, கரை மரம், வண்டல் எடுக்கும் இடம், கடைசி நீரை எந்த மட்டத்தில் நிறுத்துவது என்பவற்றைச் சங்கத்தோடு முடிக்காமல் சபைக்குக் கொண்டு வருதல் முறை. ஆகஸ்டு 15 ஆம் தேதிக் கூட்டம் மராமத்துக்கு ஏற்றது. நவம்பர் 1 ஆம் தேதிக் கூட்டத்திற்குள் ஏரி பாதி நிரம்பியோ நிரம்பாமலோ தெரிந்துவிடுமாதலால், பயிர்க் கணக்கை அங்குத் தொடங்கலாம்.

நீர்க்கட்டியின் கூலியை நெல்லாகவோ பணமாகவோ அதே கூட்டத்தில் குறித்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். மதகின் சாவி இரண்டில் ஒன்று கடைமடைக்காரர் ஒருவரிடம் இருக்க வேண்டும்.