மூளை அழற்சியை அறியும் முறை

மூளை மண்டையோட்டினுள் மறைந்திருக்கும் உறுப்பு. அஃது அழற்சியுற்றால், அதனைக் கண்ணால் காணவும் கையால் தொடவும் இயலாது. எனினும், மூளையின் ஏவலால் இயங்கும் கண்ணும் நாவும் கைகால்களும் அதன் துன்பத்தை வெளிப்படுத்திவிடுகின்றன. அவற்றைச் சோதித்தே மருத்துவர் உள்ளே நிகழ்வதை உய்த்துணர்கிறார்.

மூளை அழற்சியை மக்கள் மூளைக்காய்ச்சல் என்பர். இது பெரும்பாலும் வைரஸ் என்னும் நுண்கிருமிகளால் உண்டாவது. இதன் வகைகளுள் ஒன்றாகிய ஜப்பானிய மூளை அழற்சி, 1955ஆம் ஆண்டில் வேலூரில், இந்தியாவிலேயே முதன்முதலாக அறியப்பட்டது. நெல்வயல்களில் தேங்கும் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்கள், பன்றிகளிடமிருந்தும் நீர்ப்பறவைகளிடமிருந்தும் அக்கிருமியை மக்களிடம் கொணர்கின்றன. சிறுவரே இதற்குப் பெரிதும் இரையாகின்றனர்.

காய்ச்சலும் தலைவலியும் வேறு பல நோய்களிலும் காணப்படும். அறிவு தடுமாறுதலே மூளை அழற்சியின் தலையாய அடையாளமாகும். ஆதலால், மருத்துவர் முதலில் நோயாளியின் பெயரையும், அவர் இருக்கும் இடத்தையும், நாளையும் வினவுவார். விடை பிறழ்ந்தாலும், நோயாளி ஓயாது உறங்கினாலும், வலிப்புற்றாலும் அவர் விழிப்படைவார்.

மயக்கத்தை அளத்தற்கு 1974ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகர மருத்துவ அறிஞர் இருவர் ஓர் அளவுகோல் வகுத்தனர். கண் திறத்தல், பேசுதல், உறுப்புகளை அசைத்தல் ஆகிய மூன்றிற்கும் மதிப்பெண் இடப்படும். நல்ல விழிப்புடையவர் 15 பெறுவார். மிகத் தாழ்ந்த எண் 3. எண் 8 அல்லது அதனினும் குறையின், மயக்கம் ஆழ்ந்தது என்பது பொருள். அடுத்தடுத்து இடும் எண்களை ஒப்பிட்டு, நோய் வளர்கிறதா தணிகிறதா என்பதையும் அறியலாம்.

பின்னர் மருத்துவர் நோயாளியின் தலையை மெல்ல முன்னே வளைப்பார். கழுத்து விறைத்து வளைய மறுத்தால், மூளையைப் போர்த்திய சவ்வும் அழற்சியுற்றிருக்கலாம். கண்ணில் ஒளி பாய்ச்சினால் கண்மணி சுருங்குதல் இயல்பு. ஒரு கண்ணின் மணி மட்டும் விரிந்து, சுருங்காது நின்றால், மண்டையினுள் அழுத்தம் பெருகியுள்ளது என அஞ்ச வேண்டும். உள்ளங்காலின் ஓரத்தைக் கீறும்போது பெருவிரல் கீழ்நோக்கி மடங்காமல் மேல்நோக்கி எழுந்தால், மூளையிலிருந்து வரும் நரம்புவழி பழுதுற்றிருக்கிறது. இக்குறியைப் பிரான்சு நாட்டு மருத்துவர் பாபின்ஸ்கி 1896ஆம் ஆண்டில் விளக்கினார். நடை பழகாத குழந்தைகளிடம் இஃது இயல்பே. ஜப்பானிய மூளை அழற்சியில் உணர்ச்சியற்ற முகமும், கைந்நடுக்கமும், உறுப்புகளின் விறைப்பும் தோன்றுவதுண்டு.

இக்குறிகள் ஐயத்தை எழுப்பும். முதுகந்தண்டு நீரைச் சோதிப்பது முதலியன ஐயத்தைத் தீர்க்க உதவும். ஹெர்ப்பிஸ் வைரசால் வரும் மூளை அழற்சிக்கு அசைக்ளோவிர் என்னும் மருந்து உண்டு. காலந்தாழ்த்தினால் அதன் பயன் குறையும். ஜப்பானிய மூளை அழற்சியின் கிருமியை அழிக்கும் மருந்து இல்லை. ஆனால் வருமுன் காக்கும் தடுப்பூசி உண்டு. வலிப்பை அடக்கி, மூச்சைப் பேணி, நோயாளியைக் காப்பாற்ற முயல்வர்.

மருத்துவரின் சோதனைக்கு முன்னரே நோயாளியைக் காண்பவர் வீட்டாரே. காய்ச்சலுற்ற குழந்தை பிதற்றும்போது, பேய் பிடித்தது என மந்திரிக்க ஓடுவோர் அரிய பொழுதை இழப்பர். அக்குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே அறிவுடைமையாகும்.