முகப்பு விளக்கும் டூத்பேஸ்ட் வைத்தியமும்

எட்டு, பத்து வருடம் வெயிலில் நின்ற காரை முன்னாலிருந்து பார்த்தால் ஹெட்லைட் மஞ்சள் பூத்துக் கிடக்கும். அதே காரைப் பின்பக்கம் சுற்றி வந்து பாருங்கள். பிரேக் லைட்டின் சிவப்பு மூடி பெரும்பாலும் பளிச்சென்றே இருக்கும். அதே வெயில், அதே மழை, அதே வாட்டர் வாஷ். அப்படியானால், “பிளாஸ்டிக் என்றால் வெயிலில் மஞ்சளாகத்தான் செய்யும் சார்” என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லும் சமாதானம் எங்கோ இடிக்கிறது.

இரண்டும் பிளாஸ்டிக்தான், ஆனால் ஒரே பிளாஸ்டிக் அல்ல. பின்விளக்கின் மூடி பெரும்பாலும் அக்ரிலிக். அது வெயிலை நன்றாகத் தாங்கும்; அடியைத் தாங்காது. முன்னால் போகும் லாரியின் டயர் தெறிக்கவிடும் ஜல்லி நேராக வந்து விழும் இடம் காரின் முகப்பு. போதாததற்கு உள்ளே ஹாலஜன் பல்பின் சூடு. அதனால் அங்கே பாலிகார்பனேட்டைப் போடுகிறார்கள். 1953-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியாகக் கண்டறிந்த பொருள் இது. கல் பட்டால் சட்டென்று உடையாது, சூட்டுக்கும் சீக்கிரம் நெகிழாது. அதன் எதிரி சூரியனின் புற ஊதாக் கதிர். அந்தக் கதிர் தொடர்ந்து பட்டால் மேற்பரப்பின் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, மஞ்சள் நிறச் சேர்மங்களாக மாறுகின்றன.

தயாரிப்பாளர்களுக்கு இது தெரியாததல்ல. அதனால் லென்ஸின் வெளிப்புறத்தில், புற ஊதாக் கதிரை உறிஞ்சும் கெட்டியான நிறமற்ற பூச்சு ஒன்றைக் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். அதன் தடிமன் ஏறக்குறைய பத்து மைக்ரான். ஒரு தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். ஹெட்லைட்டுக்கு இருக்கும் ஒரே கவசம் இதுதான். மணல் உரசி, வெயில் தின்று, அது தேய்ந்து வெடிக்கத் தொடங்கியதும் மஞ்சள் தலைகாட்டுகிறது. ஹெட்லைட்டைப் பற்றி உலவும் நம்பிக்கைகளில் பாதி, மீதமிருக்கும் அந்தப் பூச்சையும் நம் கையாலேயே துடைத்துப் போடச் சொல்பவை.

“டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் புதுசாகிவிடும்”

பொய் என்று தள்ள முடியாது. அதனால்தான் இது இத்தனை வருடம் தாக்குப்பிடிக்கிறது. பற்பசையில் சிலிக்காவோ கால்சியம் கார்பனேட்டோ பொடியாக இருக்கிறது. பல்லின் கறையைத் தேய்த்தெடுப்பதுபோலவே அது லென்ஸின் மேல்படிந்த மஞ்சளையும் கொஞ்சம் சுரண்டி எடுக்கும். வீடியோவில் பாதி விளக்கைத் தேய்த்து, பாதியைத் தேய்க்காமல் விட்டுக் காட்டுவார்கள். வித்தியாசம் உண்மையானதே. ஆனால் அந்த வீடியோ அடுத்த மூன்று மாதத்தைக் காட்டுவதில்லை.

தேய்க்கும்போது மஞ்சளோடு, ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருந்த பழைய பூச்சும் சேர்ந்து போகிறது. இப்போது கவசமே இல்லாத பாலிகார்பனேட் வெயிலுக்கு முகம் காட்டி நிற்கிறது. அது முன்பைவிட வேகமாக மஞ்சளாகும். மறுபடி பேஸ்ட், மறுபடி மஞ்சள். பேக்கிங் சோடா, வினிகர், எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கும் பவுடர் எல்லாம் இந்த வம்சம்தான். அந்தப் பவுடர் மட்டும் கண்ணுக்குத் தெரியும் கீறலையும் சேர்த்துக் கொடுக்கும். நாளைக்கு எஃப்.சி.க்குப் போக வேண்டும், இன்றைக்கு ஒரு பளபளப்பு வேண்டும் என்றால் பேஸ்ட் போடுங்கள். அதைப் பாதுகாப்பு என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

“தேங்காய் எண்ணெய் தடவினால் போதும், மண்ணெண்ணெய் இன்னும் நல்லது”

வடை மடித்த செய்தித்தாளில் எண்ணெய் ஊறிய இடத்தில் மறுபக்கத்து எழுத்து தெரியும் அல்லவா, இங்கே நடப்பதும் அதேதான். மேற்பரப்பின் நுண்ணிய கீறல்களில் எண்ணெய் நிரம்பியதும் ஒளி சிதறுவது குறைந்து, லென்ஸ் தெளிந்ததுபோலத் தோன்றும். லென்ஸில் எந்த மாற்றமும் இல்லை. இரண்டு மழையில் எண்ணெய் போய்விடும். மழை வராவிட்டால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எண்ணெயோடு நின்றால் பணமும் நேரமும்தான் நஷ்டம். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் என்று போகிறவர்களுக்குத்தான் ஆபத்து. பாலிகார்பனேட்டுக்கு இந்தக் கரைப்பான்கள் ஆகவே ஆகாது. மேற்பரப்பு கொஞ்சம் கரைந்து நெகிழ்வதால் முதலில் மினுமினுக்கும். பிறகு உள்ளுக்குள்ளேயே சிலந்தி வலைபோல வெடிப்பு ஓடும். அதைத் தேய்த்து எடுக்க முடியாது. எதிரே வருபவர் கண் கூசாமலிருக்க முகப்பு விளக்கின் நடுவே போலீஸார் ஒட்டிவிடும் கறுப்பு ஸ்டிக்கரின் பசையைப் பலர் பெட்ரோல் நனைத்த துணியால்தான் துடைக்கிறார்கள். வெந்நீரும் சோப்பும் கொஞ்சம் பொறுமையும் அந்த வேலையைச் செய்துவிடும்.

“பல்பு சூட்டில் வெந்துதான் மஞ்சளாகிறது”

சூடு கொஞ்சம் துணைபோகிறது, மறுப்பதற்கில்லை. முதல் குற்றவாளி அதுவல்ல. தினமும் ஒரே இடத்தில் நிறுத்தப்படும் காரில், வெயில் அதிகம் படும் பக்கத்து விளக்கு மற்றதைவிட முந்திக்கொண்டு மஞ்சளாகும். இரண்டு பல்பும் ஒரே நேரம்தானே எரிகின்றன? சாய்வான லென்ஸில் வானத்தைப் பார்த்த மேற்பகுதிதான் முதலில் போகிறது என்பதையும் கவனியுங்கள். எல்.இ.டி. விளக்கு என்பதால் தப்பித்தோம் என்றும் இருக்க முடியாது. அதற்கு முன்னாலும் அதே பாலிகார்பனேட்தான்.

“வெளிச்சம் போதவில்லையா, பெரிய பல்பாகப் போடு”

செலவு வைக்கிற நம்பிக்கைகளில் இதுதான் தலையாயது. நம் சாலைகளில் ஓடும் ஏராளமான கார்களில் இருப்பது ஹெச்-4 வகை ஹாலஜன் பல்பு. ஹை பீமில் 60 வாட், லோ பீமில் 55 வாட். இருட்டாகத் தெரிகிறதே என்று 100/90 வாட் பல்பைக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள்.

அமெரிக்கன் ஆட்டோமொபைல் அசோசியேஷன் 2018-ல் ஒரு சோதனை செய்தது. ஏறக்குறைய 11 வருடம் ஓடிய இரண்டு செடான் கார்களின் மங்கிய விளக்குகள், புதிய விளக்கு லோ பீமில் தரும் வெளிச்சத்தில் 22 சதவீதத்தைத்தான் தந்தன. அடைப்பு லென்ஸில் இருக்கும்போது பல்பின் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கினாலும் கணக்கு 44-ஐத் தாண்டாது. வெளியே வருகிற அந்த வெளிச்சமும் சாலையில் விழாமல் நாலாபக்கமும் சிதறும். எதிரே பைக்கில் வருபவருக்குக் கண் கட்டும்; உங்களுக்கோ பள்ளம் தெரியாது. இதற்கிடையில் ஹோல்டர் உருகும், ஒயர் சுடும், உள்ளே ரிஃப்ளெக்டரின் வெள்ளி நிறப் பூச்சு கருகும். ரிஃப்ளெக்டர் கருகிவிட்டால் வெளியே எத்தனை பாலிஷ் போட்டாலும் பயனில்லை. அளவு மீறிய பல்பு சட்டப்படியும் தவறு.

“அம்பாசிடர் விளக்கு மஞ்சளாச்சா? இப்போ எல்லாமே மட்டம்”

ஆகவில்லை, ஏனென்றால் அது கண்ணாடி. கல் பட்டுத் தெறித்ததும் அதே கண்ணாடிதான். எடையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரின் உடம்போடு வளைந்து போகும் இன்றைய விளக்கைக் கண்ணாடியில் வார்ப்பது சுலபமல்ல. கவசம் தேயும் என்பதுதான் பிளாஸ்டிக்கில் நாம் கொடுக்கும் விலை.

“வாக்ஸ் போட்டாச்சு, கவரும் போட்டாச்சு”

கவர் நல்லதுதான். தூசி படிந்த வண்டி மேல் அப்படியே இழுத்துப் போட்டால், காற்றில் அது அசையும் ஒவ்வொரு முறையும் லென்ஸை உரசும். மரநிழலோ, முகப்பு சுவரைப் பார்க்க நிறுத்துவதோ செலவில்லாத வழி. சாதாரண வாக்ஸ் சில வாரங்களுக்கு மேல் நிற்காது. செராமிக் கோட்டிங் என்று விற்கப்படும் எல்லாவற்றிலும் புற ஊதாத் தடுப்பு இருப்பதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கொடுங்கள். விளக்கு இன்னும் புதிதாக இருக்கும்போதே நிறமற்ற பி.பி.எஃப். (பெயின்ட் பாதுகாப்புப் படலம்) ஒட்டுவதுதான் என் கணிப்பில் சிறந்த முதலீடு. அந்த பாலியூரிதேன் படலம் கல்லையும் கீறலையும் தன்மேல் வாங்கிக்கொள்ளும், கெட்டால் உரித்துவிடலாம். அழகுக்காக ஒட்டும் புகைநிறப் படலம் வேண்டாம். வெயிலுக்கு முன்பே அதுவே வெளிச்சத்தைக் குடித்துவிடும்.

“மஞ்சளானால் மாற்றுவதுதான் வழி”

பாதிப்பு வெளிப்புறத்தில் மட்டும் என்றால் மீட்கலாம். சுற்றியுள்ள பெயின்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, 800 அல்லது 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். முதலில் மஞ்சளாக வழியும் நீர் வெள்ளையாகும் வரை, பழைய பூச்சு எங்கும் திட்டுத்திட்டாக மிஞ்சாமல் தேய்க்க வேண்டும். பிறகு 1500, 2000, 3000 என்று ஏறி, காம்பவுண்ட் போட்டு பாலிஷ். இந்தக் கட்டத்தில் விளக்கு கண்ணாடிபோல ஆகிவிடும். பல கடைகளில் இங்கேயே பில் போட்டுவிடுவார்கள். கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பாலிஷுக்கு மேலே என்ன பூசுகிறீர்கள்? புற ஊதாத் தடுப்புள்ள கிளியர் கோட் ஏறாவிட்டால் நீங்கள் வாங்கியது விலை கூடிய டூத்பேஸ்ட் வைத்தியம். ஹார்டனர் கலந்து அடிக்கும் கிளியர் கோட்டில் ஐசோசயனேட் இருக்கும், நுரையீரலுக்குக் கேடு. அதைத் தகுந்த மாஸ்க் வைத்திருக்கும் பெயின்டரிடம் விட்டுவிடுங்கள்.

மேலே சொன்ன அமெரிக்கச் சோதனையில், இப்படி மீட்ட விளக்குகள் ஏறக்குறைய 70 சதவீத வெளிச்சத்தை எட்டின. நூறு அல்ல, ஆனாலும் 22-க்கு அது எவ்வளவோ மேல்.

லென்ஸின் உட்புறம் மங்கியிருந்தாலோ, தண்ணீர் இறங்கியிருந்தாலோ, பிளாஸ்டிக்குக்குள்ளேயே வெடிப்பு ஓடியிருந்தாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றிய கையோடு, சமதளத்தில் ஒரு சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, லோ பீம் எந்த உயரத்தில் விழுகிறது என்று பார்த்துத் திருகாணியைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.