தோள் கொடுக்கும் தோழமை

துன்பம் வந்தால் உறவினர் தாங்குவர் என்பது பொதுவான எண்ணம். ஆனால் அருகிலிருந்து அதே வேலையைச் செய்பவரே அத்துன்பத்தை முதலில் உணர்கிறார். இதற்குச் சான்றாக அகமதாபாத் பெண்களின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன்.

தலைச்சுமை தூக்குவோர், பழந்துணி விற்போர், காய்கறி விற்போர் ஆகியோருக்காக இலா பட் அம்மையார் 1972-ஆம் ஆண்டு ‘சேவா’ சங்கத்தைத் தோற்றுவித்தார். முதலாளியே இல்லாதவர்களுக்குச் சங்கம் எதற்கு என்று கேட்டு, அதைப் பதிவு செய்ய அதிகாரிகள் முதலில் மறுத்தனர். பிறரை எதிர்ப்பதற்காக அன்று, தம்முள் ஒன்றுபடுவதற்காகவே சங்கம் என்பது பெண்களின் வாதம்.

நோய், பேறுகாலம், கணவனின் மறைவு எது வந்தாலும் அன்றாடம் உழைத்து உண்பவளுக்கு வருமானம் நின்றுவிடும்; வட்டிக்காரரிடம் செல்ல நேரும். ஆகவே, 1974-இல் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு செலுத்தி அப்பெண்களே கூட்டுறவு வங்கி அமைத்தனர். கையெழுத்திட அறியாதோருக்குப் புகைப்படமே அடையாளமாயிற்று.

இதில் நான் காணும் உண்மை ஒன்றுண்டு. தருமம் பெறுபவர் தலை குனிகிறார். தோழியிடம் பெறுபவள் குனிவதில்லை. இன்று பெறுபவள் நாளை கொடுப்பவள் அல்லவா? எனினும், எல்லோருக்கும் ஒரே நாளில் துன்பம் நேர்ந்தால் ஆறுதல் மொழி மட்டும் போதாது, சேமிப்பும் வேண்டும்.

சென்ற ஆண்டு, தந்தையை இழந்த எம் வகுப்பு நண்பர் ஒருவர் தேர்வுக் கட்டணம் செலுத்த இயலாமல் படிப்பை நிறுத்தினார். உதவி கேட்க அவர் கூசினார்; என்ன குறை என்று கேட்க நாங்கள் மறந்தோம். மாதம் பத்து ரூபாய் வீதம் வகுப்புதோறும் ஒரு நிதி தொடங்கினால் என்ன? மாணவ நண்பர்களே, சிந்திப்போம்.