கிரனோலா: ஆறும்வரை கை வைக்காதீர்கள்

அவனிலிருந்து எடுத்த கையோடு வாயில் போட்டால் கிரனோலா மெத்தென்றுதான் இருக்கும். முதல்முறை செய்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். ‘இன்னும் வேகல போல’ என்று மறுபடி உள்ளே தள்ளுவார்கள்; பத்து நிமிடத்தில் அடுக்களை முழுக்கக் கருகல் வாடை. இரண்டு தட்டு பாதாமைத் தியாகம் செய்துதான் எனக்கு இது புரிந்தது. கடலை மிட்டாய்ப் பாகு சூட்டில் இழுபடும், ஆறினால்தானே நொறுங்கும்? இங்கும் அதே கணக்குதான்.

செய்ய வேண்டியவை

• ரோல்டு ஓட்ஸாகப் பார்த்து வாங்குங்கள். ஓட்ஸ் மணியை ஆவியில் வேகவைத்து அவல் மாதிரித் தட்டியது அது.

• ஒரு தட்டுக்கு என் அளவு: ஓட்ஸ் 3 கப், பாதாம், முந்திரி, வால்நட் எல்லாம் சேர்த்து 1 கப், பூசணி விதையும் சூரியகாந்தி விதையும் அரை கப், தேங்காய் எண்ணெய் 1/3 கப், தேன் 1/3 கப், பட்டைத்தூள் 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். உப்பை விட்டுவிடாதீர்கள். இனிப்புப் பண்டத்துக்கு எதற்கு என்று தோன்றும். அது இல்லாவிட்டால் தேன் வெறுமனே தித்திக்கும், அவ்வளவுதான்.

• தேனுக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போடலாம். அரை கப்பை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டுங்கள். கம்பிப் பதம் பார்க்க வேண்டாம், கரைந்தால் போதும். தண்ணீர் சேர்வதால் அவனில் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்.

• சூடு 150 டிகிரி செல்சியஸ், நேரம் 30 முதல் 35 நிமிடம். தேன் சீக்கிரம் கருகும் என்பதால்தான் இந்த மிதமான சூடு. பாதி நேரத்தில் ஒருமுறை வெளியே எடுத்து, ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் தள்ளுங்கள். சின்ன ஓடிஜி என்றால் மேல்கம்பி தட்டுக்கு ரொம்பவே நெருக்கம். ஆகவே கீழ்த்தட்டில் வைத்து, 25-ஆவது நிமிடத்திலிருந்தே எட்டிப் பாருங்கள். இளம் பொன்னிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். தட்டின் சூட்டிலேயே இன்னும் ஒரு சாயல் ஏறும்.

• கட்டி கட்டியாக வேண்டுமா? ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை நுரை வர அடித்துக் கலவையில் சேருங்கள். கிளறி முடித்ததும் கிண்ணத்தின் அடிப்பாகத்தால் நன்றாக அழுத்திவிடுங்கள். முட்டை ஆகாதவர்கள் கால் கப் ஓட்ஸை மிக்ஸியில் மாவாக்கிச் சேர்க்கலாம். முட்டை அளவுக்குப் பிடிக்காது, ஆனால் மோசமில்லை.

• வெளியே எடுத்ததும் ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். கரண்டி, விரல், வீட்டுப் பிள்ளைகள் எதுவும் கிட்டே போகக் கூடாது.

செய்யக்கூடாதவை

• உலர்திராட்சை, பேரீச்சை, அத்திப்பழம் எதையும் அவனுக்குள் அனுப்பாதீர்கள். உப்பிப் பிறகு இறுகிக் கசந்துபோகும். கிரனோலா ஆறிய பிறகு கலந்தால் போதும். தேங்காய்ச் சீவல் கடைசி பத்து நிமிடத்துக்கு மட்டும்.

• இன்ஸ்டன்ட் ஓட்ஸ் வேண்டாம், தூளாகிவிடும். ஸ்டீல் கட் ஓட்ஸும் வேண்டாம், பல்லைப் பதம் பார்க்கும். 1863-இல் நியூயார்க் மாநிலத்து டான்ஸ்வில்லில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர் உருவாக்கிய ‘கிரானுலா’வும் பல்லைப் பதம் பார்க்கும் ரகம்தான்; கிரஹாம் எனும் முழுக்கோதுமை மாவில் சுட்டுத் தூளாக்கிய அதை இரவெல்லாம் பாலில் ஊறப் போட்டால்தான் தின்ன முடியும். பின்னால் பாட்டில் கிரீக் நகரில் கெல்லாக் என்ற மருத்துவர் இதே மாதிரி ஒன்றுக்கு அதே பெயரை வைக்க, தகராறு வந்து, ‘கிரனோலா’ என்று மாற்றிக்கொண்டார். பெயர் மிஞ்சியது, அந்தக் கடினம் நமக்கு எதற்கு?

• எண்ணெயைப் பாதிக்குமேல் குறைக்காதீர்கள். ‘ஹெல்தியா இருக்கட்டும்’ என்று குறைத்தால் வறுத்த வைக்கோல் கிடைக்கும். நல்லெண்ணெயும் வேண்டாம், அதன் மணம் தேனை அமுக்கிவிடும்.

• தட்டில் மலைபோலக் குவிக்காதீர்கள். மேலே சிவந்திருக்கும், அடியில் ஈரம் அப்படியே இருக்கும். நிறைய செய்வதானால் இரண்டு தட்டு.

• சூட்டோடு டப்பாவில் அடைக்காதீர்கள். ஆவி உள்ளேயே தங்கி, மறுநாள் காலை நமுத்துப் போயிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுங்காக மூடி வைத்தாலும் நமுத்துவிடுவதுண்டு. அதற்காகக் கொட்ட வேண்டாம். பழங்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அதே 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். சிக்கு வாடை அடித்தால் மட்டும் காப்பாற்ற வழியில்லை, பருப்பின் எண்ணெய் கெட்டுவிட்டது என்று பொருள். மூன்று வாரத்துக்குள் தீரும் அளவே செய்யுங்கள்.

• ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்த்த கிரனோலா கூடவே கூடாது. சுட்டுவிட்டோமே என்று நம்ப வேண்டாம். அதைவிடப் பெரிய வாண்டுகளுக்கும் முழுப் பருப்பு தொண்டையில் சிக்கும், பொடித்துக் கொடுங்கள்.

• கிண்ணம் நிறையப் போட்டுச் சாப்பிடாதீர்கள். எண்ணெயும் தேனும் பருப்பும் சேர்ந்த பண்டம். ஒரு கைப்பிடியே தாராளம்.

• அவன் இல்லையே என்று கைவிடவும் வேண்டாம். அடிகனமான வாணலியில், சிறு தீயில் பருப்பையும் ஓட்ஸையும் தனித்தனியாக வறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். அதே வாணலியில் எண்ணெயும் தேனும் நுரைத்து வரும்போது எல்லாவற்றையும் கொட்டி ஐந்து நிமிடம் கிளறி, தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். கட்டி விழாது, உதிரியாகத்தான் வரும். கெட்டித் தயிர்மேல் தூவிக்கொள்ள எனக்கு அந்த உதிரிதான் பிடித்திருக்கிறது.