சிறாரின் இரத்த அழுத்தம்: ஒரே அளவீடு போதுமா?

கேள்வி: பத்து வயதுச் சிறுவனுக்கு ஒருமுறை இரத்த அழுத்தம் கூடுதலாகத் தெரிந்தால், அது நோய்தானா?

பதில்: ஒரே அளவீட்டைக் கொண்டு அவ்வாறு முடிவு செய்வது தவறு. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, 13 வயதுக்குட்பட்டோரின் அழுத்தம், வயது, பாலினம், உயரம் ஆகியவற்றுக்கேற்ற 95-ஆம் சதமானம், அதாவது ஒத்த சிறார் நூற்றுவரில் 95 பேரின் அளவு எதற்குக் கீழே அமையுமோ அந்த எல்லை, அல்லது 130/80, இவற்றில் குறைந்ததை மூன்று தனித்தனி வருகைகளிலும் எட்டினால்தான் உயர் இரத்த அழுத்தம் உறுதியாகும். 13 வயது முதல் எல்லை 130/80. பிழை பெரும்பாலும் கைப்பட்டையில்தான் நேர்கிறது: சிறிய பட்டை அழுத்தத்தைப் பொய்யாகக் கூட்டிக் காட்டுமாதலால், அதனுள் உள்ள காற்றுப்பையின் அகலம் மேற்கைச் சுற்றளவில் குறைந்தது 40 விழுக்காடு இருக்க வேண்டும், சிறுவன் சில நிமிடங்கள் அமைதியாக அமர்ந்த பின்னரே வலக்கையில் அளக்க வேண்டும். வயது குறையக் குறையச் சிறுநீரகக் கோளாறு காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகுவதால், பெற்றோர் அடுத்த இரு அளவீடுகளைத் தவறவிடலாகாது.